நடப்பு வட்டி: நகரத்தார் முதலீட்டு மரபில் குறைந்தபட்ச ஆதாய வீதம்

முன்னுரை

பணத்தை ஒரு தொழிலில் இடுவதற்கு முன்னர் முதலீட்டாளர் ஒவ்வொருவரும் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. எந்த அளவுக்குக் குறைவாக ஆதாயம் கிடைக்குமாயின் அம்முயற்சியில் இறங்காமலிருப்பதே நன்று என்பதே அவ்வினா. இன்றைய நிதியியல் இவ்வெல்லையைக் குறைந்தபட்ச ஏற்புடை ஆதாய வீதம் என்று குறிக்கிறது. ஒரு திட்டம் தரக்கூடிய ஆதாயம் இவ்வீதத்தைத் தாண்டினால் திட்டம் ஏற்கப்படும், தாண்டாவிடில் கைவிடப்படும். வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும்போது, மேலை நாட்டு நிறுவனங்களில் தோன்றி நம்மிடம் வந்து சேர்ந்த கருத்தாகவே மாணவர்கள் இதனைக் கொள்கின்றனர். கலைச்சொல் புதியது என்பது உண்மை. ஆனால் கருத்து புதியதன்று.

கீழைக்கடல் நாடுகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பெருந்தொகைகளைக் கையாண்ட நாட்டுக்கோட்டை நகரத்தார், தமக்குள் ‘நடப்பு வட்டி’ என்ற ஒன்றை வகுத்து, அதனை அடிப்படையாகக் கொண்டு கடன்களையும் முதலீடுகளையும் மதிப்பிட்டு வந்தனர். அந்நடப்பு வட்டி குறைந்தபட்ச ஆதாய வீதமாக எவ்வாறு இயங்கியது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். அவ்வளவு நுட்பமான அளவுகோலைக் கையில் வைத்திருந்த ஒரு வணிகச் சமூகம், 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் ஏன் நிலைகுலைந்தது என்று வினவுவது இரண்டாவது நோக்கமாகும்.

கோட்பாட்டுப் பின்னணி

மேலை நாட்டுப் பொருளியலில் இக்கருத்து படிப்படியாகவே உருப்பெற்றது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஏர்விங் ஃபிஷர் 1907ஆம் ஆண்டிலும் 1930ஆம் ஆண்டிலும் வெளியிட்ட தம் நூல்களில், ஒரு முதலீட்டின் ஆதாயத்தைச் சந்தை வட்டியோடு ஒப்பிட்டே அம்முதலீட்டைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதை விளக்கினார். ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பொதுக் கோட்பாட்டு நூலில், மூலதனத்தின் எல்லைநிலைத் திறன் வட்டி வீதத்துக்குச் சமமாகும் வரையிலுமே முதலீடு பெருகும் என்று கூறினார். நிறுவன நிர்வாகிகள் கையாளத்தக்க முறையாக இதனை வகுத்தளித்தவர்களுள் ஜோயல் டீன் குறிப்பிடத்தக்கவர். மூலதன வரவுசெலவுத் திட்டமிடல் பற்றிய அவருடைய நூல் 1951ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவ்வாறு வளர்ந்த கோட்பாடு, குறைந்தபட்ச ஆதாய வீதத்தில் மூன்று கூறுகள் அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. முதலாவது, பிறரிடமிருந்து பெற்ற பணத்துக்கு நாம் கொடுக்கும் விலை. இரண்டாவது, நம்முடைய சொந்தப் பணத்தை வேறோரிடத்தில் இட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயம்; இதனை வாய்ப்புச் செலவு என்பர். மூன்றாவது, எடுத்துக்கொண்ட முயற்சியின் இடருக்கு ஈடாகக் கூட்டிக்கொள்ளும் பகுதி. நகரத்தாரின் நடைமுறையில் இம்மூன்றும் இருந்தனவா என்பதைக் கொண்டே நம் ஒப்பீடு அமைய வேண்டும்.

தமிழ் மரபில் முதலும் பொலிசையும்

நகரத்தார் நடைமுறைக்குள் செல்லுமுன், முதலுக்குக் குறிப்பிட்ட ஆதாயத்தை எதிர்பார்க்கும் வழக்கம் தமிழகத்தில் எவ்வளவு பழைமையானது என்பதைச் சுருக்கமாக நோக்குதல் தகும். திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் செலவையும் வரவையும் எஞ்சும் பயனையும் எடைபோட்டு வினையைத் தொடங்குவதைப் பேசுகிறது. அது அறிவுரை. கல்வெட்டுகளோ கணக்கையே தருகின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து அறக்கட்டளைகள் பலவற்றில், கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசு ஊர்ச் சபைகளிடம் கொடுக்கப்பட்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசையாகப் பெறப்பட்டது. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு; அதாவது ஆண்டுக்கு 12.5 விழுக்காடு. நந்தா விளக்குக்கு அளிக்கப்பட்ட கொடைகள் இன்னும் தெளிவானவை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. ஆடுகள் இறந்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையாமல் ஈடுசெய்யப்பட வேண்டும் என்பது அத்தொடரின் பொருள். முதல் அழியக்கூடாது, வரவு ஓர் உழக்குக்குக் குறையக்கூடாது என்ற இரு நிபந்தனைகளும் இதில் ஒருங்கே அமைந்துள்ளன.

சோழர் காலக் கோயில் நிதிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரத்தார் தொழிலுக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி இருந்தது என்று நிறுவ இச்சான்றுகள் போதா. முதலைக் காத்து, வரையறுத்த வரவைப் பெறும் சிந்தனை தமிழ் மண்ணுக்கு அயலானதன்று என்பதை மட்டுமே இவை உணர்த்துகின்றன.

கடல் கடந்த கடைகள்

காரைக்குடி, தேவகோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களைத் தாயகமாகக் கொண்ட நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுக நகரங்களில் நிலைபெற்றனர். சிங்கப்பூரில் தேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டில் எழுந்தது. மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல விலாசங்களின் கடைகள் வரிசையாக அமைந்திருந்தன. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு பாய், சில பேரேடுகள், அவ்வளவே தளவாடம். கோலாலம்பூரில் அம்பாங் தெருவும் அவ்வாறே நகரத்தாரின் தொழில் மையமாயிற்று.

பர்மாவிலோ வளர்ச்சி மேலும் பெரியது. 1852ஆம் ஆண்டில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி வடிநிலத்தின் காடுகள் நெல்வயல்களாயின. அவ்வயல்களைத் திருத்துவதற்கு வேண்டிய பணத்தை மேலை நாட்டு வங்கிகள் உழவருக்கு நேரடியாகக் கொடுக்க முன்வரவில்லை. அவ்விடைவெளியை நகரத்தார் நிரப்பினர். 1929-30ஆம் ஆண்டுகளில் ஆய்வு நடத்திய பர்மா மாநில வங்கித்தொழில் விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாகவும், அவை கையாண்ட தொகை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

இத்தொகை முழுவதும் கடை முதலாளிகளின் சொந்தப் பணமன்று. முதலாளிகள் இட்டது ‘முதற்பணம்’. உறவினர், பெண்கள், கோயில்கள், பிற கடைகள் ஆகியோர் வைப்பாகக் கொடுத்தது ‘மேல்பணம்’. இவற்றுக்கு மேலாக, மேலை நாட்டு வங்கிகளிடமும் கடன் பெறப்பட்டது. இவ்வாறு பல ஊற்றுகளிலிருந்து வந்த பணத்துக்கெல்லாம் பொதுவானதொரு விலை தேவைப்பட்டது. அத்தேவையிலிருந்தே நடப்பு வட்டி எழுந்தது எனலாம்.

நடப்பு வட்டியும் தவணை வட்டியும்

இரங்கூன் முகல் தெருவில் இருந்த நகரத்தார் கோயிலில் மாதந்தோறும் கடைக்காரர் கூடி அம்மாதத்துக்குரிய வட்டியை வகுத்தனர். அரசு ஆணையோ எழுத்து வடிவச் சட்டமோ அதற்குப் பின்புலமாக இல்லை. சந்தையில் பணம் எளிதில் கிடைக்கிறதா, வங்கிகள் என்ன வட்டிக்குக் கொடுக்கின்றன, நெல் கொள்முதலுக்கான தேவை எவ்வளவு என்பன போன்றவற்றை எண்ணிப்பார்த்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். நகரத்தார் கடைகள் தமக்குள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்ட கணக்குகளுக்கு இவ்வட்டியே அடிப்படையாயிற்று. கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய வைப்புகளுக்கு நடப்பு வட்டி கணக்கிடப்பட்டது. இரண்டு மாதம், மூன்று மாதம் எனக் குறித்த காலத்துக்கு வைக்கப்பட்ட பணத்துக்குத் தவணை வட்டி வழங்கப்பட்டது. காலம் கட்டுண்டிருந்தமையால் அது பொதுவாகச் சற்றுக் கூடுதலாக இருந்தது.

இவ்வட்டி நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு இத்தனை அணா என்ற முறையில் சொல்லப்பட்டது. பத்தணா வட்டி என்றால் ஆண்டுக்கு 7.5 விழுக்காடு, பதினாறு அணா, அதாவது ஒரு ரூபாய் வட்டி என்றால் 12 விழுக்காடு. மலாயாவில் ரூபாயும் அணாவும் வெள்ளியும் காசுமாக மாறின. கணக்கிடும் முறை மாறவில்லை.

இனி, மேலே கூறிய மூன்று கூறுகளை இதனோடு பொருத்திப் பார்ப்போம். பிறர் பணத்துக்குக் கொடுக்கும் விலை என்ற முதற்கூறு நடப்பு வட்டியிலும் தவணை வட்டியிலும் நேரடியாகவே அமைந்துள்ளது. இரண்டாவது கூறாகிய வாய்ப்புச் செலவும் இதிலேயே அடங்கியிருந்தது. சொந்தப் பணம் வைத்திருந்த முதலாளி, தாம் கடை நடத்தாமலே, வேறொரு நம்பிக்கையான கடையில் அப்பணத்தை நடப்புக்கு விட்டுவிட்டு ஊரில் இருந்திருக்கலாம். ஆகவே உழைப்பும் இடரும் மிக்க ஒரு கடன் நடப்பு வட்டிக்கு மேல் ஒன்றும் தராதாயின், அக்கடனைக் கொடுப்பதில் பொருளில்லை. நடப்பு வட்டி ஒரே நேரத்தில் வாங்குபவருக்கு விலையாகவும் வைத்திருப்பவருக்கு ஒப்பீட்டு அளவுகோலாகவும் விளங்கியது.

மூன்றாவது கூறு வெளியார்க்குக் கொடுக்கும் கடனில் வெளிப்பட்டது. பொன், கட்டடம் போன்ற உறுதியான ஈட்டின்மேல் கொடுத்த கடனுக்குக் குறைந்த வட்டியும், நிலத்தின்மேல் கொடுத்ததற்கு அதனினும் கூடிய வட்டியும், ஈடின்றிக் கைச்சீட்டின்பேரில் கொடுத்ததற்கு மேலும் கூடிய வட்டியும் வாங்கப்பட்டன. உள்ளூர்ப் பர்மியக் கடன்காரர்கள் வாங்கிய வட்டியைவிட நகரத்தாரின் வட்டி பொதுவாகக் குறைவாகவே இருந்தது என்பதையும் விசாரணைக் குழு பதிவு செய்துள்ளது. பணத்தின் அடிப்படை விலை ஒப்பந்தத்தால் கட்டுக்குள் இருந்தமை இதற்கு ஒரு காரணமாகும்.

மேலாளின் கையில் அளவுகோல்

முதலாளி செட்டிநாட்டில், கடை கடலுக்கு அப்பால். இடையே நின்று முடிவெடுத்தவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் பணியாற்றினர். மேலாள் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்டார். சம்பளத்தோடு ஆதாயத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு. தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்து, அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்து அவர் ஊர் திரும்புவார்.

ஒவ்வொரு கடனுக்கும் கடிதம் எழுதி முதலாளியின் இசைவு பெறுதல் நடைமுறையில் இயலாது. மேலாளிடம் முடிவெடுக்கும் உரிமையை விட வேண்டும். ஆனால் அவர் எல்லை மீறாதிருக்க ஓர் அளவுகோலும் வேண்டும். நடப்பு வட்டி அவ்வளவுகோலாகப் பயன்பட்டது. இக்காலப் பன்னாட்டு நிறுவனங்கள் தம் கிளைகளுக்குக் குறைந்தபட்ச ஆதாய வீதத்தை விதிப்பதும் இதே காரணம் பற்றியே.

ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதனை விளக்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. எந்தக் கடையின் கணக்கிலிருந்தும் எடுக்கப்பட்டவையல்ல. ஒரு கடைக்கு மேல்பணம் பன்னிரண்டு அணா வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 9 விழுக்காட்டுக்குக் கிடைக்கிறது எனக் கொள்வோம். கடை நடத்தும் செலவு நூற்றுக்கு இரண்டணா. வாராக்கடனுக்கு ஒதுக்குவது இரண்டணா. கூட்டினால் பதினாறு அணா. ஆகவே ‘ஒரு ரூபாய் வட்டி’ அக்கடையின் கீழெல்லை. அதற்குக் குறைந்த வட்டியில் கடன் கேட்டு வருபவர் எவ்வளவு நாணயமானவராயினும் மேலாள் மறுக்க வேண்டியவரே. ஒன்றேகால் ரூபாய் வட்டிக்குக் கடன் கொடுத்தால் எஞ்சும் நாலணா ஆதாயம். இக்கணக்கை மேலாள் மனத்திலேயே போட்டார்.

அளவுகோலின் குருட்டிடம்

இத்துணைத் தெளிவான அளவுகோல் இருந்தும் 1930ஆம் ஆண்டுகளில் நேர்ந்தது என்ன? 1930ஆம் ஆண்டின் இறுதியில் நெல் விலை வீழ்ந்தது; விரைவில் அது முன்னைய விலையில் பாதிக்கும் கீழே சென்றது. உழவரால் வட்டியைக்கூடக் கட்ட இயலவில்லை. ஈடாக வைக்கப்பட்ட நிலங்கள் கடைகளின் கைக்கு வரலாயின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில், 1930ஆம் ஆண்டில் பயிரிடுவோர் வசமிருந்த நிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு நகரத்தாரிடம் இருந்தது. 1937ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. ஏக்கர்க் கணக்கில் கூறின், ஐந்தே முக்கால் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது இருபத்து நான்கரை இலட்சத்தை நெருங்கியது.

இவ்வெண்களை நகரத்தாரின் நிலவேட்கைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. முதலீட்டுக் கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. நிலம் வாங்கிப் பணத்தை முடக்க நகரத்தார் பொதுவாக விரும்பவில்லை என்பது மந்தத்துக்கு முன்னரே விசாரணைக் குழுவுக்குத் தெரிந்திருந்த செய்தி. காரணம் எளியது. மேல்பணத்துக்கு மாதந்தோறும் வட்டி ஏறும். நிலமோ ஆண்டுக்கொரு முறை குத்தகை நெல் தரும். அந்நெல்லின் விலையும் வீழ்ந்துவிட்டது. குறைந்தபட்ச ஆதாய வீதத்தைத் தாண்டாத முதலீட்டை ஏற்பதில்லை என்ற விதியைப் பேணியவர்கள், அவ்விதியின்படி ஒருபோதும் தெரிவு செய்திருக்க மாட்டாத சொத்துக்கே உரிமையாளர் ஆயினர்.

முன்னைய எடுத்துக்காட்டை இங்கே தொடரலாம். கடையின் முதற்பணம் ஓர் இலட்சம். மேல்பணம் இரண்டு இலட்சம். மூன்று இலட்சமும் 15 விழுக்காட்டுக்குக் கடனாகச் சென்றால் ஆண்டு வரவு 45,000 ரூபாய். மேல்பண வட்டி 18,000. கடைச் செலவு 4,500. எஞ்சுவது 22,500. வாராக்கடன் ஏதுமில்லாத நல்ல ஆண்டில் சொந்தப் பணத்துக்கு 22.5 விழுக்காடு ஆதாயம். கடனாளிகளுள் பாதிப்பேர் வட்டி கட்டத் தவறினால் வரவு 22,500 ஆகக் குறைகிறது. செலவும் மேல்பண வட்டியும் அதனை முழுவதும் விழுங்கிவிடுகின்றன. ஆதாயம் சுழியம். அப்பாதிக் கடனுக்கு ஈடாக வந்த நிலத்தின் மதிப்பும் பாதியாகக் குறைந்தால் இழப்பு 75,000 ரூபாய். முதற்பணத்தில் முக்கால் பங்கு போயிற்று. ஒன்றேகால் ரூபாய் வட்டி என்ற எண்ணோ பேரேட்டில் மாறாமல் அப்படியே இருக்கும்.

இங்கேதான் அளவுகோலின் குருட்டிடம் புலனாகிறது. வாராக்கடனுக்கென ஒதுக்கிய இரண்டணா, ஒரு கடன் கெட்டால் மற்றொரு கடன் கைகொடுக்கும் என்ற எண்ணத்தில் அமைந்தது. ஒருவர் நோயுறலாம், ஒருவர் மாடு இழக்கலாம், ஒருவர் ஏமாற்றலாம். எல்லாரும் ஒரே பருவத்தில் தவறார் என்பதே அதன் அடிப்படை. ஆனால் வடிநிலத்தில் கொடுக்கப்பட்ட கடன்களில் பெரும்பகுதி நெல் என்ற ஒரே பொருளை நம்பி நின்றது. உழவருக்கு நேரடியாகக் கொடுத்ததும், உள்ளூர்க் கடன்காரர்க்குக் கொடுத்ததும், நெல் வணிகர்க்குக் கொடுத்ததும் இறுதியில் ஒரே விலையைச் சார்ந்தவையே. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கடனும் தேர்வில் வென்றது. ஒன்றாகச் சேர்த்தால் அவை அனைத்தும் ஒரே கயிற்றில் தொங்கின. நடப்பு வட்டி பணத்தின் விலையை நன்றாக அளந்தது. ஒருங்கே வரக்கூடிய இடரை அது அளக்கவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. கோயிற் கூட்டத்தில் வட்டியை வகுத்தோர் பணம் கொடுப்போரே. உழவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. வயல் தரும் ஆதாயம் வட்டியைத் தாண்டினால்தான் கடன் அவருக்குப் பயன் தரும். நெல் விலை ஏறுமுகமாக இருந்த ஆண்டுகளில் இரு கணக்குகளும் ஒத்துச் சென்றன. விலை வீழ்ந்தபோது அவை முரண்பட்டன. கொடுத்தவர் தம் கீழெல்லையை விட்டு இறங்க இயலவில்லை. ஏனெனில் அவரும் வேறொருவருக்கு வட்டி கொடுக்க வேண்டியவர். வாங்கியவர் தம் நிலத்தை இழந்தார். இவ்விழப்பின் வேதனையைக் கணக்கின் நேர்மையால் மறைத்துவிட முடியாது. அயலவர் கையில் நிலம் சென்றதால் எழுந்த பர்மியரின் சினமும், அதன் அரசியல் விளைவுகளும் இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ளத் தக்கவை. 1942ஆம் ஆண்டில் சப்பானியப் படையெடுப்பால் பெரும்பாலோர் பர்மாவைவிட்டு வெளியேறினர். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமும் இயற்றப்பட்டது.

மலாயா அனுபவம்

மலாயாவில் நிலைமை சற்று வேறுபட்டது. இங்கே நகரத்தார் சீன வணிகர், ஈயச் சுரங்கக்காரர், ரப்பர்த் தோட்டக்காரர், அரசு ஊழியர், மலாய்ச் சிறுநில உடைமையாளர் எனப் பலதரப்பட்டோர்க்குக் கடன் கொடுத்தனர். மலாய் மாநிலங்களின் நிலப் பதிவு முறை உரிமையைத் தெளிவாகக் காட்டியமையால் நிலக் கடனின் இடர் குறைந்தது. கடனாளிகளின் தொழில்கள் பலவாக இருந்தமை ஓரளவு பாதுகாப்பளித்தது. எனினும் ரப்பரின் ஆதிக்கம் இங்கும் பெரிதே. 1929ஆம் ஆண்டில் இராத்தலுக்குச் சராசரியாக 34 காசு அளவில் விற்ற ரப்பர் 1932ஆம் ஆண்டில் 7 காசு அளவுக்கு இறங்கியது.

அரசாங்கம் இங்கே விரைந்து குறுக்கிட்டது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1931ஆம் ஆண்டில் வந்த சட்டம், சிறுநிலங்களைக் கடனுக்காக விற்பதைக் கட்டுப்படுத்தியது. 1933ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், அந்நிலங்கள் மலாய்க்காரர் அல்லாதார்க்கு ஈடாகச் செல்வதைத் தடுத்தது. முதலீட்டுக் கோட்பாட்டின் மொழியில் கூறுவதாயின், ஈட்டின் உறுதி குறைந்தமையால் கடனின் இடர்க்கூறு உயர்ந்தது. அவ்வுயர்வை வட்டியில் ஏற்றிப் பெற இயலாத நிலையில் இவ்வகைக் கடன் கொடுப்பது நகரத்தாருக்குப் பொருளற்றதாயிற்று. சிறு உழவரின் நிலம் காக்கப்பட்டது. அதே வேளையில் அவர் கடன் பெறும் வாயிலும் சுருங்கியது. இருபுற விளைவுகளையும் ஒருசேர எழுதுவதே வரலாற்று நேர்மை.

இந்நெருக்கடியிலிருந்து கற்ற பாடம் நகரத்தாரின் பிற்கால முதலீடுகளில் தெரிகிறது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937ஆம் ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களில் ஒரே நாளில் தொடங்கினார். வைப்பாளரின் பணமும் முதலாளியின் பணமும் சட்டத்தால் பிரித்துக் காட்டப்பட்ட நிறுவன வடிவத்தை நோக்கிய நகர்வு அது. வேறு பலர் தொழிற்சாலை, தோட்டம், நகரக் கட்டடம் என முதலீட்டைப் பரப்பினர்.

கலைச்சொல்லும் கற்பித்தலும்

தமிழாசிரியர்களும் பொருளியல் ஆசிரியர்களும் இங்கே கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நிதியியல் சொற்களைத் தமிழாக்கும்போது அயல்மொழிச் சொல்லின் உருவகத்தை அப்படியே பெயர்த்துத் ‘தடை தாண்டும் வீதம்’ என்று எழுதுகிறோம். ஓட்டப் பந்தயத்தை அறிந்தவருக்கன்றிப் பிறருக்கு இது விளங்குவதில்லை. நடப்பு, தவணை, முதற்பணம், மேல்பணம், ஐந்தொகை, பற்று, வரவு என்னும் சொற்களோ, கோடிக்கணக்கான ரூபாயைக் கையாண்டோர் நாள்தோறும் வழங்கியவை. எல்லாவற்றையும் மீண்டும் வழக்குக்குக் கொண்டுவரல் இயலாது. நடப்பு வட்டியும் குறைந்தபட்ச ஆதாய வீதமும் முற்றிலும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. முன்னது அடித்தளம், பின்னது அவ்வடித்தளத்தின்மேல் செலவும் இடரும் கூட்டி எழுப்பப்படுவது. எனினும், அடித்தளத்திலிருந்து தொடங்கி விளக்கினால் மாணவர்க்குக் கருத்து எளிதில் கைவருகிறது என்பது வகுப்பறை அனுபவம்.

முடிவுரை

நகரத்தாரின் நடப்பு வட்டி, பணத்தின் விலை, வாய்ப்புச் செலவு ஆகிய இரண்டையும் உள்ளடக்கிய ஒரு கூட்டு அளவுகோல் என்பதும், அதன்மேல் ஈட்டின் தன்மைக்கேற்ப இடர்க்கூறு சேர்க்கப்பட்டது என்பதும் மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகின்றன. கணக்கற்ற பேராசையே அவர்தம் வட்டிக்குக் காரணம் என்ற பொதுக்கருத்து இதனால் திருத்தம் பெறுகிறது. அதே வேளையில், அளவுகோல் செம்மையாக இருந்தமையாலேயே முதலீடு செம்மையாயிற்று என்று கூறவும் இயலாது. ஒவ்வொரு கடனையும் தனித்தனியே நிறுத்த தராசு, அனைத்தையும் ஒன்றாக வைத்து நிறுக்கவில்லை. இன்றைய நிதி நிறுவனங்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். 2008ஆம் ஆண்டு உலக நிதி நெருக்கடியில் வீட்டுக் கடன்கள் ஒருசேரக் கெட்டபோது உலகம் கண்டதும் இதே குறையைத்தான்.

இவ்வாய்வை மேலும் கொண்டுசெல்லக் கடைகளின் மூலக் கணக்குகள் வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் செட்டிநாட்டிலும் குடும்பங்களின் பழைய பெட்டிகளில் பேரேடுகளும் வட்டிச் சிட்டைகளும் இருக்கக்கூடும். அவற்றைப் படிக்கத் தெரிந்த தலைமுறை மறைந்து வருகிறது. தாளைக் கறையான் விட்டுவைப்பதில்லை. தம் மாணவர்களின் வீடுகளில் இத்தகைய ஏடுகள் உள்ளனவா என்று ஆசிரியர்கள் வினவுவதும், கிடைத்தவற்றைப் படமெடுத்து நூலகங்களில் சேர்ப்பதும் செய்யத்தக்க பணிகளாகும். ஒரு சமூகம் எதனைப் போதுமான ஆதாயமென்று கருதியது என்பது அதன் ஏடுகளில் எழுதப்பட்டுள்ளது. அவ்வேடுகள் அழியுமாயின், அச்சமூகத்தைப் பற்றிப் பிறர் சொன்னது மட்டுமே நமக்கு எஞ்சும்.